ஐந்து கோடு வித்தியாசம்

நான் லாரி ஓட்டுகிறேன் என்று சொன்னால், எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறாய் என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் எனக்கு அது நெடும்பயணம். என்னுடையது சாலைப் பரிசோதனைக்கூடத்து லாரி. கல்லும் மணலும் ஏற்றி, எடை மேடையில் சரிபார்த்து, புதுச் சாலையில் கொண்டுபோய் நிறுத்துவேன். முள்ளக்கா கையைத் தூக்கினால் முப்பதடி நகர்வேன், இறக்கினால் நிற்பேன். கட்டிய மனைவி பேச்சைக்கூட இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

முள்ளக்கா எங்கள் கூடத்தின் உதவியாளர். ஐம்பத்திரண்டு வயது. என் லாரியின் பின்பக்க ஜோடி டயர்களின் இடுக்கில் பீம் என்கிற நீளமான உலோகச் சட்டத்தின் மூக்கை நுழைத்து, அது சாலையைத் தொடும்படி வைப்பாள். பீமைத் தாங்க நடுவில் கால்கள், அவற்றின்மேல் அது ஏற்றப்பலகை மாதிரி ஆடும். வால்பக்கம் கடிகாரம் மாதிரி ஒரு டயல். லாரி நிற்கும்போது சாலை அமுங்கியிருக்கும், நகர்ந்ததும் எழும். அந்த எழுச்சி ஒரு நாணயத்தின் கனம்கூட இருக்காது. டயலில் முள் அதைக் கோடு கோடாகக் காட்டும். அறுபது கோட்டைத் தாண்டினால் சாலை தேறாது. மேலே தார் பளபளவென்றுதான் இருக்கும். அதற்குக் கீழே ஜல்லி, அதற்கும் கீழே மண். கோளாறு எல்லாம் அங்கேதான். “கட்டில் கால் ஆடுனா மெத்தைய மாத்தி என்ன பிரயோஜனம்?” என்பாள் அக்கா.

இருபத்திரண்டு வருடம் அந்த முள்ளையே பார்த்துப் பார்த்து அவளுக்குப் புத்தியே அப்படி ஆகிவிட்டது. தங்கை வீட்டுக்குப் போனவள் புது சோபாவில் உட்கார்ந்து எழுந்தாள். திரும்பி நின்று, அது எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தாள். “ஆறு மாசம் தாங்கும்” என்றாள். ஐந்தே மாதத்தில் அது உட்கார்ந்துவிட்டது. தங்கை, கடைக்காரனை விட்டுவிட்டு அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு வந்தது சோதனை. ஒரு காண்ட்ராக்டர், தான் போட்ட சாலை அக்கா கையில் மட்டும் தேறவில்லை என்று மேலே புகார் கொடுத்தார். புதிதாக வந்த இன்ஜினியர் அதே இடத்தில் தானே டயலைப் பார்த்தார். அவருக்கு ஐம்பத்தேழு வந்தது. அக்காவுக்கு அறுபத்திரண்டு.

“வயசாச்சும்மா. கண்ணு மங்கறது தப்பில்ல” என்றார் இன்ஜினியர். “நாளைக்கு இன்னொரு தடவ பாப்போம். வித்தியாசம் வந்தா திங்கக்கிழமைலேர்ந்து நீங்க ஃபைல் ரூமுக்கு மாறிக்கங்க.”

அன்று திரும்பும்போது அக்கா என் பக்கத்து இருக்கையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது கேட்டாள்: “தம்பி, ஊசில நூல் கோக்கறதுக்கு இப்பல்லாம் நாலு தடவ ஆகுது. நெசமாவே கண்ணு போயிடுச்சா?”  “ஊசி சரியில்லக்கா” என்றேன். உலகத்திலேயே மட்டமான ஆறுதல் அது.

மறுநாளும் காண்ட்ராக்டர் வந்தார். கூடவே, முந்தின நாள் வந்த அதே இரண்டு மச்சான்கள். மூவரும் நல்ல உடம்பு. மாமா சிரித்தால் மச்சான்கள் சிரிப்பார்கள், மாமா இருமினால் அவர்களுக்கும் தொண்டை கமறும்.

முதலில் இன்ஜினியர் உட்கார்ந்தார். மூவரும் அவர் முன்னால் போய், பீமின் காலை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார்கள். பெரிய மனிதருக்குப் பக்கத்தில் நிற்பது அவர்களுக்குத் தொழிலில் பாதி. நான் லாரியைக் கிளப்பினேன். புகை வந்ததும் மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஐம்பத்தேழு.

அடுத்து அக்கா உட்கார்ந்தாள். ஒரு உதவியாளரிடம் பல்லைக் காட்டி என்ன ஆகப்போகிறது? மூவரும் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அறுபத்திரண்டு.

இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது இடத்தில் அவர் மறுபடி உட்கார்ந்தபோது அக்கா டயலைப் பார்க்கவில்லை. பீமின் காலையும், அதைச் சுற்றி நின்ற ஆறு செருப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். யாருக்கோ ஆப்பு என்று அர்த்தம்.

“சார், ஒரே ஒரு நிமிஷம். தம்பி, லாரிய நல்லா தள்ளி நிறுத்து” என்றாள். புகைக்குப் பயந்து மூவரும் மரத்தடிக்கு ஒதுங்கினார்கள். அக்கா பீமின் காலருகே தண்ணீர் பாட்டிலை வைத்தாள். “நீங்க முள்ளையே பாருங்க சார்.” பிறகு மரத்தடியைப் பார்த்து, தேன் ஒழுக, “அண்ணே! இந்த வெயில்ல வந்திருக்கீங்களே, வந்து தண்ணி குடிங்க!”

மூவரும் வந்து பாட்டிலைச் சூழ்ந்தார்கள்.

“முள் நகருதே!” என்றார் இன்ஜினியர்.

“எத்தன கோடு சார்?”

“அஞ்சு.”

“குடிச்சாச்சா அண்ணே? இப்ப போங்க.”

போனார்கள். முள் பழைய இடத்துக்கு வந்தது. இன்ஜினியருக்கு நம்பிக்கை வரவில்லை. வாங்க என்றார், போங்க என்றார், மறுபடி வாங்க என்றார். மூன்றாவது தடவை ஒரு மச்சானுக்கு மூச்சு வாங்கியது. ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் ஹாரன் அடித்துவிட்டது.

அக்கா பொறுமையாக விளக்கினாள். “நீங்க பாக்கறப்ப இவங்க கால்கிட்ட நிக்கிறாங்க, அங்க ரோடு அமுங்குது. லாரி கெளம்புனதும் வெலகறாங்க. மூக்கு எழும்பறப்பவே காலும் எழும்புது. அப்ப முள்ளு கம்மியாத்தான் காட்டும். நான் பாக்கறப்ப எங்கிட்ட யாரு சார் வந்து நிக்கறா?”

காண்ட்ராக்டருக்கு எல்லாம் புரியவில்லை. தன் எடை சபையில் அலசப்படுவது மட்டும் புரிந்தது. “நாங்க மூணு பேரு நின்னாலே முள்ளு ஆடுதா? அவ்வளவு வெயிட்டாவா இருக்கோம்?” என்றார், நிஜமாகவே வருத்தத்தோடு.

“நீங்க வெயிட்டு இல்லண்ணே” என்றாள் அக்கா. “கீழ ரோடு இல்ல.”

மச்சான்கள் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு, மாமா சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்கள். இன்ஜினியர் ஐம்பத்தேழை அடித்துவிட்டு அறுபத்திரண்டு என்று எழுதினார்.

அக்கா லாரி ஜன்னலருகே வந்தாள். “பயந்தே போயிட்டேன்டா” என்றாள். கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் பீமை நகர்த்தச் சொன்னாள்.

அங்கே டயல் முன்னால் யார் உட்காருவது என்று யாரும் கேட்கவில்லை. அக்கா உட்கார்ந்தாள். இன்ஜினியர் நான்கடி பின்னால் போய்த் தன் காலடியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“ஏம்மா, நான் இங்க நிக்கலாமா?”

அக்கா முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் தள்ளுங்க சார்.”

அவர் தள்ளி நின்றார். அக்கா கையைத் தூக்கினாள்.