வண்டி பார்த்த ஆறு வாரம்

பழைய காரை இனிமேல் ரிப்பேர் பார்க்க வேண்டாம் என்று பேட்டை மெக்கானிக் சொன்னது ஒரு சனிக்கிழமை காலையில். பானட்டைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "வெள்ளத்துல முங்கின வண்டிய இவ்வளவு நாள் ஓட்டுனதே பெருசு அக்கா. நடு ரோட்டுல நின்னுட்டுன்னா தனியா நீங்க என்ன செய்விய?" என்றார்.

நான் வண்ணார்பேட்டையில் இருந்து தினமும் சேரன்மகாதேவிக்குப் போய் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். போக வர ஐம்பது கிலோமீட்டர் பக்கம் வரும். பஸ்ஸில் போகலாம், பல வருஷம் போயிருக்கிறேன். ஆனால் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய பிறகு, காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் காருக்குள் ஏறும்போது மட்டும்தான் எனக்கு ஒரு தெம்பு வரும். அதை விட மனசில்லை.

ஓட்டப் பழக்கியது என் வீட்டுக்காரர். ரியாத்தில் ஒரு அரபி வீட்டில் இருபத்தாறு வருஷம் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளைகளையும் பெண்களையும் உயரமான பெரிய வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்வந்தவர். ஊரோடு வந்ததும் ஒரு சின்ன காரை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஐம்பத்தைந்து வயதில் என்னை ஓட்ட வைத்தார். "இதுல நீ பழகு. அடுத்தால ஏழு பேரு உக்காருத பெரிய வண்டி வாங்குவோம். மக, மருமகன், பேரப்பிள்ளைக எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போவோம்" என்பார். இரண்டு வருஷம் கூட ஆகவில்லை, மௌத்தாகிப் போனார். கணவன் இறந்தால் எங்களில் பெண்கள் இருக்கும் இத்தாவில் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அது முடிந்த மறுநாள் அந்தச் சின்ன காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அடுத்து வந்த வெள்ளத்தில் எங்கள் தெருவே ஆறாகி, கார் கூரை வரைக்கும் முங்கியது. தூக்கி நிறுத்தி ஓட்டினேன். அதுவும் இப்போது முடிந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். கத்தாரில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். வெள்ளிக்கிழமைதோறும் பேசுவாள். வண்டி விஷயத்தைச் சொன்னதும், "வாப்பா ஆசைப்பட்ட மாதிரி பெரிய வண்டியா வாங்கும்மா. நாங்க அஞ்சு பேரும் வந்தா உக்கார வேண்டாமா?" என்றாள்.

"எப்ப வாறிய?"

"வருவோம்லாம்மா."

எங்கள் வீட்டில் இருந்து நடக்கிற தூரத்தில், பைபாஸ் ரோட்டில் பழைய கார் விற்கிற ஒரு கடை உண்டு. சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். கடைக்கார அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு, "கூட யாரும் வரலியா டீச்சர்?" என்று கேட்டார்.

"நான் மட்டுந்தான் அண்ணாச்சி."

அவர் ஒரு தடவை வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். யாரோ பைக்கை நிறுத்திவிட்டுப் பின்னால் வருவார்கள் என்று நினைத்திருப்பார்.

அங்கேதான் அந்த ஹைபிரிட் கார் நின்றது. சாம்பல் நிறம், நாலு வருஷம் ஓடியது, ஒரே கை மாறியது. ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. "ஸ்டார்ட் ஆகல அண்ணாச்சி" என்றேன்.

"ஆயிட்டு டீச்சர். பேட்டரியில நிக்குது. பையப் போகும்போது கரண்டுல போவும். வேகம் எடுத்தாத்தான் பெட்ரோல் எஞ்சின் எந்திரிக்கும். நீங்க பிரேக்கை மிதிச்சா அதுல இருந்தும் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏறும். பாத்துக்கிடுங்க, வீணா ஒண்ணும் போகாது."

கொக்கிரகுளம் பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. நின்றபோதெல்லாம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வகுப்பில் வருஷா வருஷம் மின்கலத்தைப் பற்றி நடத்துகிறவள், ஒரு மின்கலத்தின் மேல் உட்கார்ந்து போவது அன்றைக்குத்தான். பிடித்திருந்தது. என் வேலைக்கு அதுதான் சரி என்று அன்று மாலையே எனக்குத் தெரியும்.

தெரிந்தும் ஆறு வாரம் இழுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டிப்போனேன். அவர் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துக் கடைசி முழத்தை முகர்ந்து பார்த்தார். கார்ப்பெட்டைத் தூக்கி விரலால் தடவினார். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் பழைய வண்டி பார்க்கிற எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். "தண்ணி பாக்காத வண்டிதான் அக்கா. ஆனா அந்தப் பெரிய பேட்டரி எனக்குப் பிடிபடாது. கம்பெனி சர்வீஸ்ல காட்டி எழுத்துல வாங்கிக்கிடுங்க" என்றார்.

ஹைபிரிட் படத்தை மகளுக்கு அனுப்பியிருந்தேன், அன்றே கூப்பிட்டாள். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. பேட்டரி போனால் என்ன ஆகும், யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். மூன்றாம் நாள், சேரன்மகாதேவியிலேயே ஒருவர் தன் பெட்ரோல் எஸ்.யூ.வி.யை விற்கப்போவதாக இணையத்தில் பார்த்து எனக்கு அனுப்பினாள். "உங்க பள்ளிக்கூடத்துப் பக்கத்துலதாம்மா. ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்."

பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். வயலை ஒட்டிய கடைசி வீடு. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், எழுபது வயதுக்கு மேலே இருக்கும். மனைவி இறந்துவிட்டார். கண்ணில் புரை எடுத்த பிறகு அவர் வண்டி ஓட்டுவதில்லை. பெங்களூரில் இருக்கிற மகன் வீட்டோடு போகப்போகிறார்.

"அங்க அடுக்குமாடி வீடு டீச்சர். ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி நிப்பாட்டத்தான் இடமாம். அதுல அவன் வண்டி நிக்கி" என்றார்.

ஷெட்டில் இருந்த வண்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் வரப்பும் வாய்க்காலும் கீழே இறங்கிப் போனது போல இருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டது இதைத்தான். பெரியவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினோம்.

இறங்கிப் பின் கதவைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது வரிசை சீட்டில் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"இதப் பிரிக்கவே இல்லையா ஐயா?"

"ஏழு வருசமா அதுல ஒருத்தரும் உக்காரல. பேத்தி வந்தா பிரிப்போம்னு வீட்டுக்காரி சொன்னா. பேத்தி வந்தா முன்னால எங்க மடியிலதான் இருந்துச்சு. பொறவு அவளும் போயிட்டா, பேத்தியும் வளந்துட்டு."

அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்தார். சீனி அதிகம். முழுவதும் குடித்தேன்.

அடுத்த வாரம் மெக்கானிக்கோடு போனேன். சக்கரம் பாதி வரைக்கும் வெள்ளத் தண்ணீர் வந்தது என்று, கேட்பதற்கு முன்னாலேயே பெரியவர் சொல்லிவிட்டார். உள்ளே ஏறவில்லை என்று மெக்கானிக்கும் பார்த்துச் சொன்னார். "நல்ல வண்டி அக்கா. ஆனா டவுனுக்குள்ள பெட்ரோலக் குடிக்கும்." அதற்கு அடுத்த வாரம் இன்ஷூரன்ஸ் பேப்பர் பார்க்க என்று போனேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு சாவி இருக்கிறதா என்று கேட்கப் போனேன். அதைப் போனில் கேட்டிருக்கலாம்.

நடுவில் பைபாஸ் அண்ணாச்சியும் விடவில்லை. காலையில் நான் குக்கரை இறக்கும் நேரம் பார்த்து, "என்ன டீச்சர், முடிவு எடுத்தாச்சா?" என்று போன் செய்வார். நான் ஒரு சந்தேகம் கேட்பேன். வெயிலில் நின்றால் பேட்டரிக்கு ஆகுமா? கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஓட்டாமல் வைத்தால் என்ன ஆகும்? அவர் விசாரித்துவிட்டு மறுபடி கூப்பிடுவார். மகள் தினமும் கூப்பிட்டாள். மருமகன் கூட ஒருநாள் அரைமணி நேரம் பேசினார். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஸ்டாஃப் ரூமில் கூட மற்ற டீச்சர்மார் இரண்டு கட்சியாகப் பிரிந்து எனக்காக வாதாடினார்கள்.

நாலாவது வாரம் ஒருநாள், சமைத்துக்கொண்டே நான் பாடுவது என் காதிலேயே விழுந்தது. கையை அப்படியே நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் நான் பாடியதே இல்லை. இது எதனால் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க வெட்கமாக இருந்தது. இரண்டு வண்டிக்கு நடுவில் நான் நிற்கும் வரைக்கும்தான் இத்தனை பேர் என்னைத் தேடுவார்கள். ஏதாவது ஒன்றில் ஏறி உட்கார்ந்துவிட்டால், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இது எனக்கு முதலில் இருந்தே தெரிந்திருக்கிறது. அதனால்தான் சந்தேகத்துக்கு மேல் சந்தேகமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரமும் சேரன்மகாதேவியில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கேட்பதற்கு ஒன்றும் கையில் இல்லை. கேட்டைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "வாங்க டீச்சர், இன்னைக்கு என்ன பாக்கணும்?" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டு, "தினம் எவ்வளவு தூரம் போறிய?" என்று கேட்டார்.

"அம்பது கிலோமீட்டர்."

"வண்டியில எத்தனை பேரு?"

"நான் ஒரு ஆளு ஐயா."

"அப்ப அந்தப் பேட்டரி வண்டிய வாங்குங்க. இதுல என்ன இருக்கு யோசிக்க? நீங்க இத வாங்க வரலன்னு எனக்கு ரெண்டாம் வாட்டியே தெரியும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "மன்னிச்சுக்கிடுங்க ஐயா. உங்க நேரத்தை..."

"நேரந்தான டீச்சர். அது எங்கிட்ட கெடக்கு." என்றார். "உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு கேட்டு வந்தாவ. பேசி வச்சிருக்குன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். வண்டி போயிட்டா நானுங் கெளம்பணும்லா. நீங்க மன்னிப்புக் கேட்டா நானுங் கேக்கணும்."

அன்றைக்கு நாங்கள் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. அவர் மனைவி கடைசி நாட்களில் எதையுமே சாப்பிடாமல் தர்பூசணி மட்டும் கேட்டதைச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்த புதிதில், ராத்திரி கண் விழித்தால் இது எந்த ஊர் என்று என்னிடம் கேட்பார், அதைச் சொன்னேன். வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. இருட்டுவதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகும் பதினைந்து நாள் ஓடியது. சாத்தான்குளத்துப் பார்ட்டி ஒன்று ஹைபிரிட்டைக் கேட்கிறது, நாளைக்குள் சொல்லுங்கள் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். மகளைக் கூப்பிட்டேன்.

"நான் அந்தப் பேட்டரி வண்டியவே எடுக்கேன் புள்ள."

"வாப்பா ஆசைம்மா அது."

"வாப்பா ஆசைப்பட்டது ஏழு சீட்டுக்கு இல்ல. ஏழு பேருக்கு."

மகள், "இந்த வருசம் லீவு கிடைக்கலம்மா. எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தேன்" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "பரவால்ல, அடுத்த வருசம் வாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. போனை வைத்த பிறகு கொஞ்சம் வந்தது.

பேட்டரியைச் சோதித்த ரிப்போர்ட் சரியாக இருந்தது. கார் எடுத்த அன்று அண்ணாச்சி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். எங்கள் வழக்கம் இல்லை. அவர் சந்தோஷமாகச் செய்கிறார் என்று பேசாமல் அதன் மேல் ஏற்றி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நான் பயந்தபடியேதான் ஆயிற்று. மறுநாள் காலையில் போன் அடிக்கவில்லை. மகள் வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிவிட்டாள். ஸ்டாஃப் ரூமில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வண்டி மட்டும் குறை சொல்ல முடியாதபடி ஓடியது. பெட்ரோல் பங்குக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை போனால் போதும். பங்கில் வேலை பார்க்கும் பெண்ணோடு முன்பெல்லாம் இரண்டு வார்த்தை பேசுவேன், அதுவும் குறைந்துவிட்டது.

பெரியவர் எஸ்.யூ.வி.யை யாருக்கோ கொடுத்துவிட்டு அந்த மாதக் கடைசியில் பெங்களூர் போனார். போவதற்கு முதல் நாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து என் காரைச் சுற்றிப் பார்த்தார். ஏறி உட்காரச் சொன்னேன். அவர் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். "சத்தமே இல்ல டீச்சர், நம்ம பேச்சுதான் கேக்குது" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் போன் செய்தார். மகன் குடும்பம் எங்கேயோ வெளியே போயிருக்கிறதாம். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டார். நடவு முடிந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு, "நீங்க எப்ப ரிட்டயர் ஆவுதிய?" என்றார்.

"வாற வருசம் ஐயா."

"பொறவு வண்டி எங்க ஓடும்?"

அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. "தெரியல ஐயா, பாப்போம்" என்றேன்.

"பாருங்க, பாருங்க" என்றார். அதற்குப் பிறகு சொல்வதற்கு அவருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனாலும் அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.