துப்பிய டீ

கட்டபெட்டுப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் நான் டீமேக்கர், இலையைத் தூளாக்குகிற வேலை முழுக்க என் பொறுப்பு. இலை வாட்டுகிற மாடிக்கு இருபத்தாறு படி. போன வருஷம் வரை ஓடி ஏறினவன், இந்த மழைக்காலத்தில் பாதியில் நிற்க ஆரம்பித்தேன். மலையில் இருக்கிறவனுக்கு மூச்சு வாங்காமல் வேறு யாருக்கு வாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஸ்வெட்டர் மாட்டினாலே நெஞ்சை அடைத்தது. அதற்குமேல் வீட்டுக்காரி விடவில்லை, கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இதயத்தை இரண்டு தடவை ஸ்கேன் எடுப்பார்களாம். சும்மா படுத்திருக்கும்போது ஒன்று, ஊசி போட்டு இதயத்துக்கு வேலை கொடுத்தபின் இன்னொன்று. முந்தின நாளிலிருந்தே டீ, காபி கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். “டீ குடிச்சீங்களா?” என்று நர்ஸ் கேட்டார். “ஒரு சொட்டு இல்லீங்க” என்றேன், பெருமையாக.

கைகள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கிப் படுக்கவைத்தார்கள். மெஷின் மார்பை உரசுகிற மாதிரி வந்து நின்றது. அசையக் கூடாதாம். செத்துவிடுவேன் என்றுதான் பயந்தேன், மறைக்க என்ன இருக்கிறது? பயத்தை மறக்க, நேற்று இந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தேன். பகீரென்றது.

நேற்றுக் காலை ஃபேக்டரியில் பத்துக் கோப்பை ருசி பார்த்திருக்கிறேன். சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்புவது. அது வேலை. எங்கள் தொழிலில் அதை டீ குடிப்பது என்று எவனும் சொல்ல மாட்டான்.

முதல் ஸ்கேன் முடிந்ததும் நர்ஸிடம் மெதுவாகக் கேட்டேன். “ஏனுங்க, டீ குடிச்சிருந்தா என்ன ஆகும்?”

“ஊசி சரியா வேலை செய்யாதுங்க. அடைப்பு இருந்தாலும் தெரியாம போயிரும். நல்லா இருக்கிற மாதிரியே வரும்.”

நல்லா இருக்கிற மாதிரியே வரும்! சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் மலையேறிவிடலாம். நர்ஸ் ஊசியோடு வந்து பஞ்சால் கையைத் துடைக்கிற வரைக்கும் அப்படியே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட் பொய் சொன்னாலும் மாடிப்படி ஏறப்போவது நான்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

“நேத்து டீ ருசி பார்த்தனுங்க. துப்பிட்டேன், ஆனாலும்...”

“இத முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?” என்று நல்ல திட்டு. நாளை மறுநாள் வரச் சொன்னார்கள். இரண்டு நாளும் வீட்டுக்காரி என்னை ஃபேக்டரிப் பக்கமே விடவில்லை.

இரண்டாம் தடவை போனபோது ஊசி ஏறியதும், ஸ்வெட்டர் மாட்டும்போது வருகிற அதே நெஞ்சடைப்பு, அதே மூச்சுவாங்கல். “ஐயோ, இதேதானுங்க!” என்று கத்திவிட்டேன்.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சும்மா படுத்திருந்தபோது எடுத்ததில் இதயம் ஒரு வெளிச்ச வட்டமாக முழுசாக இருந்தது. ஊசிக்குப்பின் எடுத்ததில் ரத்தம் போகாமல் ஒரு பக்கம் இருட்டு. நாளைக்கே அட்மிட் ஆகவேண்டும் என்றார்.

“அன்னைக்கு இவர் சொல்லாம விட்டிருந்தா இது தெரிஞ்சிருக்குங்களா?” என்று வீட்டுக்காரி கேட்டாள்.

“தெரியாமலே போயிருக்கலாம்மா.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நல்லவேளை, உங்களுக்கு உடனே சொல்லத் தோணுச்சு” என்றாள். நான் தலையாட்டினேன். உடனே சொல்லவில்லை என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.