கண்ணாடி போடாமல் படித்த மீஞ்சூர் அம்மா

வெப்சைட் செய்து கொடுப்பது ஒரு விசித்திரமான தொழில். கடையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, உள்ளே வந்தவர் ஏன் ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போனார் என்று ஆயுசு முழுக்கக் குழம்பிக்கொண்டிருக்க வேண்டும். பழவேற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஒரு பக்கம் ஜெராக்ஸ், மறுபக்கம் வெப்சைட். ஜெராக்ஸ் எடுத்ததற்காக ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

இதில் வரும் முக்கியமான சம்பவத்தை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், இது நிஜமாக நடந்ததுதானா என்று உள்ளுக்குள் ஒரு முள் உறுத்தும். பல வருடத்துச் சந்தேகம். கரண்ட் பில் கட்டப் போய், பட்டனைத் தேடித் தேடி, கடைசியில் போனை மெத்தையில் வீசியவர்கள்தான் இதற்குச் சரியான நீதிபதிகள். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

அலை

தேசம்மாள், எங்களுக்கெல்லாம் தேசம், மீன் விற்பவள். அவளும் அவள் குப்பத்துப் பெண்களும் ஏரி மீனையும் கடல் மீனையும் அலுமினியக் கூடையில் ஏற்றி, பஸ்ஸில் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்றார்கள். கண்டக்டர் ஏற்றினால் உண்டு. வாடை அடிக்கிறது என்று விசில் கொடுத்துவிட்டால் அடுத்த பஸ் வரும்வரை ஐஸ் கரையும். வெப்சைட் வைத்துச் சென்னை வீடுகளிலிருந்து ஆர்டர் பிடித்து, எல்லாருடைய மீனையும் ஒரே வேனில் அனுப்பலாம் என்பது தேசத்தின் யோசனை. மற்றவர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான். "சரிப்படலேன்னா மறுபடியும் கூடையைத் தூக்கிகினு நானே மொதல்ல பஸ் ஏர்றேன்" என்று சபதம் வேறு. அடுத்த பௌர்ணமிக்குள் ஒரு ஆர்டராவது வர வேண்டும் என்று பெண்கள் கெடு வைத்தார்கள்.

வெப்சைட் வேலை என்னிடம் வந்தது. நான் என் திறமையை எல்லாம் கொட்டினேன். திறந்தவுடன் திரை முழுக்க ஒரு அலை எழும்பி வரும். அது உடைந்து நுரையாகும். நுரைக்குள்ளிருந்து குழுவின் பெயர் மெல்ல வெளிப்படும். அதற்குப் பிறகுதான் மீன். எழுத்தெல்லாம் மெலிசாக, கண்ணை உறுத்தாத நிறத்தில் வைத்தேன். தேசத்தின் போனில் திறந்து காட்டினேன். சிக்னல் சரியில்லாததால் அலை பாதியில் நின்று, யோசித்து, மறுபடி எழும்பியது. அவள் பொறுமையாகப் பார்த்தாள். "ஏண்ணே, கடலைப் பாக்கணும்னா நாங்க வாசல்ல வந்து நின்னா போதும். மீன் எப்போ வரும்?"

பௌர்ணமி

அலையை எடுத்தேன். அப்படியும் ஆர்டர் வரவில்லை. குழுவில் கன்னியம்மா என்று ஒருத்தி, வாய்க்காரி. தினமும் தேசத்தோடு என் கடை வழியாகப் போகும்போது, "இன்னாடி தேசம், உன் வெப்சைட்டு கடலுக்குப் போச்சா? இன்னும் கரை சேரலயா?" என்று என் காதில் விழும்படி கேட்டுவிட்டுப் போவாள். தேசம் சிரித்து மழுப்புவாள். நான் சிரிக்கவில்லை. இந்தத் தொழிலே நமக்கு ஒத்து வராதோ, ஜெராக்ஸோடு நிறுத்திக்கொள்வோமா என்ற யோசனையில் இருந்தேன். அதையும் அவளிடம் சொல்லியிருந்தேன்.

பௌர்ணமி அன்று காலை என் போனில் ஒரு மணிச் சத்தம். ஆர்டர்! மீஞ்சூரிலிருந்து லட்சுமி என்ற அம்மா நண்டு கேட்டிருந்தார். குப்பமே கூடிவிட்டது. ஒரு ஆர்டருக்கு வேன் எதற்கு என்று தேசமே ஒரு பையில் நண்டைக் கட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்தாள். "அந்தம்மா கண்ணாடியே போடலண்ணே. போடாமலே எல்லா எழுத்தும் பளிச்சுனு தெரிஞ்சுதாம். யாரு செஞ்சதுனு ரெண்டு வாட்டி கேட்டாங்க."

மரியாதையான நண்டு

அந்த ஒரு வார்த்தையில் நான் நிமிர்ந்துவிட்டேன். தளம் பிழைத்தது, என் தொழிலும் பிழைத்தது. பாராட்டுக்குத் தகுந்தபடி இருக்கட்டும் என்று அன்றைக்கே எழுத்தை இன்னும் பெரிதாக்கி, நல்ல கறுப்பாக்கினேன். அதற்குப் பிறகு அடுத்தடுத்து ஆர்டர் வரத் தொடங்கியது. இன்றுவரை என்னிடம் வரும் எல்லாருக்கும் முதல் விதியாகச் சொல்வது இதுதான்: கண்ணாடி போடாமல் படிக்க முடிய வேண்டும்.

அடுத்த விதி படத்தைப் பற்றியது. வெள்ளைத் தட்டு, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு, நடுவில் ஒரு சிவந்த நண்டு என்று எங்கேயோ கிடைத்த அழகான படத்தைப் போட்டிருந்தேன். வாங்கியவர்கள் எல்லாரும் போன் செய்து, வந்தது வேறு ஜாதி நண்டா என்று கேட்டார்கள். பிறகு கன்னியம்மாவின் கூடையிலேயே படம் எடுத்தோம். ஈரக் கூடை, பச்சை நண்டு, அளவு தெரிய அவளுடைய கை. கேள்விகள் நின்றன. பழைய படத்தை அழிக்கும் முன்பு கன்னியம்மா ஒரு தடவை உற்றுப் பார்த்துச் சொன்னது: "இது நம்ம ஏரி நண்டே இல்ல சார். நம்ம நண்டு என்னிக்கு இவ்ளோ மரியாதையா உக்காந்துகீது?"

பிறந்த தேதி

வாங்குகிறவர் முதலில் பெயர் பதிய வேண்டும், பாஸ்வேர்டு வைக்க வேண்டும், பிறந்த தேதி கொடுக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டு வைத்திருந்தேன். ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. எல்லாரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். பெரம்பூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். ஓய்வு பெற்ற வாத்தியார் குரல். "மீன் வாங்கறதுக்கு என் பிறந்த நாள் எதுக்குங்க? கேக்கு வெட்டித் தரப் போறீங்களா?"

கட்டைவிரல்

எல்லாம் அடுத்தவர் சொல்லித் திருந்தினேன் என்று நினைக்காதீர்கள். ஆர்டர் பட்டன் திரையின் அடியில் இருக்க வேண்டும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மீஞ்சூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலில் காலை நேரம் ஏறிப் பாருங்கள். ஒரு கை மேலே கைப்பிடியில் தொங்கும். மறு கையில் போன். திரையை ஆள்வது ஒரே ஒரு கட்டைவிரல். அந்த விரல் எட்டாத உச்சியில் பட்டனை வைத்துவிட்டு, ஜனங்கள் ஏன் வாங்கவில்லை என்று நாம் வருத்தப்படுகிறோம். குழுவில் சிலர் போன் நம்பரை மேலே, கீழே, நடுவே எல்லா இடத்திலும் சிவப்பில் மின்ன விடச் சொன்னார்கள். நான் அசையவில்லை. ஒரே பட்டன், கட்டைவிரல் விழும் இடத்தில். வைத்த வாரமே ஆர்டர் கூடியது.

இதைக் கண்டுபிடிக்கப் பல நாள் ரயிலில் நின்றபடியே அடுத்தவர் விரல்களைக் கவனித்தேன். ஒரு நாள் தொழிற்சாலை யூனிஃபார்ம் போட்ட ஒரு இளைஞர் என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், என் போன் பிடிச்சிருந்தா சொல்லுங்க, எங்க வாங்கனேன்னு சொல்றேன். கண்ணு மட்டும் போடாதீங்க."

நைனா படம்

எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஒரு ஓட்டல். லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. முதலாளிக்கு வெப்சைட் வேண்டும். திறந்தவுடன் ஓட்டலைத் தொடங்கிய அவருடைய நைனாவின் படம் மாலையோடு முழுத் திரைக்கு வர வேண்டும். லாரிக்காரர் பார்க்க விரும்புவது மூன்று விஷயம்: சோறு இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா. இதை எடுத்துச் சொன்னேன். மீஞ்சூர் அம்மா கதையையும் சொன்னேன். "எங்க நைனா இல்லாம ஓட்டலே இல்ல" என்று முடித்துவிட்டார்.

அப்பாவை எதிர்த்து வாதாட முடியுமா? படத்தைப் போட்டேன். ஒரு நாள் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஆந்திரப் பக்கத்து டிரைவர் ஒருவர் போனைக் கல்லாவில் நீட்டினார். "ஓனரு, உங்க நைனாவை நல்லாப் பாத்துட்டேன். சோறு இருக்குதா இல்லியானு எப்போ சொல்வாரு?" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். மறுநாள் காலை அவரிடமிருந்து போன்: "நைனாவைக் கொஞ்சம் கீழ எறக்கிடுப்பா. கோச்சுக்க மாட்டாரு."

இன்றைய பாடு

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன் நன்றாக விழும் இடத்தில் யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. முறை வைத்து இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். நல்ல இடம் எல்லாருக்கும் சுற்றி வரும். ஊரில் பிறந்தவனுக்கு இதெல்லாம் காற்று மாதிரி, கவனத்தில் நிற்காது. நானும் மறந்துவிட்டு, அதிகம் விற்கிறவர் பெயர் தானாகவே மேலே ஏறும்படி தளத்தை அமைத்தேன். கன்னியம்மா முதலில் மேலே போனாள். மேலே இருந்ததால் அவளுக்கே ஆர்டர் விழுந்தது. ஆர்டர் விழுந்ததால் அவளே மேலே இருந்தாள். அடியில் இருந்த மாரி என்பவளின் மீன் விற்கவே இல்லை.

மாரியும் இன்னும் சிலரும் விலகப் போவதாகச் சொன்னார்கள். அவர்கள் போனால் வேன் நிறையாது. வேன் நிறையாவிட்டால் தேசம் மறுபடியும் கூடையோடு பஸ் ஏற வேண்டும். தேசம் என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்காராமலே பேசினாள். உலகம் முழுக்க வெப்சைட் இப்படித்தான் என்றேன். "ஒலகத்துக்கு ஏரி இல்லண்ணே, தெரியல. உனக்கு ஏரி கீதுல்ல?" என்றாள். தினமும் ஒருவர் பெயர் முதலில் வரும்படி மாற்றி, தலைப்பில் ‘இன்றைய பாடு’ என்று போட்டேன். அன்றைக்கு யார் முறையோ அவர் படம், அவர் மீன். யாரும் விலகவில்லை. நான் எதிர்பார்க்காதது, சென்னைக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதுதான். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் போல விசாரிக்கத் தொடங்கினார்கள். பெரம்பூர் வாத்தியார் ஒரு நாள் சொன்னார்: "இன்னிக்கு யார் பாடுன்னு பார்க்கத்தான் காலையில திறக்கிறேன். மீன் அப்புறம்தான்."

வாங்காதீர்கள்

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நண்டில் சதை இருக்காது, ஓடுதான் கனக்கும். இது குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும், சென்னையில் யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் தளத்தில் என்ன எழுத வேண்டும் என்று தேசம் சொன்னாள்: ‘பௌர்ணமி. நண்டில் சதை இல்லை. இப்போது வாங்காதீர்கள்.’ எந்தக் கடைக்காரன் இப்படி எழுதுவான் என்று கேட்டேன். சதையில்லாத நண்டை ஒரு வாடிக்கைக்காரருக்கு அனுப்பினால், உடைத்துப் பார்க்கிற அன்றோடு உறவு போச்சு என்றாள். எழுதினேன். அன்று சாயங்காலமே அண்ணா நகரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "வேணாம்னு சொல்ற கடையை இப்பத்தான் பாக்கறேன். சரி, அப்போ இறாலாவது குடுங்க."

பழைய கம்ப்யூட்டர்

போன மாதம் கடையை வெள்ளையடிக்கும்போது பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரணிலிருந்து இறங்கியது. தேசத்துக்கு முதன்முதலில் செய்து கொடுத்த பக்கம் அதில் அப்படியே இருந்தது. ஆசையாகத் திறந்தேன். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கழற்றித் துடைத்துப் பார்த்தேன். திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தேன். செய்த எனக்கே படிக்க முடியவில்லை.

பல வருடமாக உறுத்திய முள்ளின் முனை கையில் அகப்பட்டது. மீஞ்சூர் அம்மா படித்தது இந்த எழுத்தைத்தான்; நான் பெரிதாக்கியது அவர் பாராட்டுக்குப் பிறகு. கூடவே இன்னொன்றும். அன்றைக்குப் பௌர்ணமி. முதன்முதலாக வந்த வாடிக்கைக்காரருக்குச் சதையில்லாத நண்டைக் கட்டிக்கொண்டு போகிறவளா தேசம்? அவள் தங்கை மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பது எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தான். சேர்த்துப் பார்க்காமல் இருந்துவிட்டேன், அல்லது சேர்த்துப் பார்க்க விரும்பவில்லை.

ஆனால் எதைப் பொய் என்பது? அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் எழுத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கியதால்தான் நிஜமான ஆர்டர்கள் வந்தன. அவள் காப்பாற்றியது தன்னையா, என்னையா? அல்லது படிக்க முடியாத எழுத்தைத் திருத்தச் சொல்லும் நாசூக்கான வழியா அது? அவள் கூடையோடு பஸ் ஏறி வருடங்கள் ஆகின்றன. நான் இன்னும் வெப்சைட் செய்கிறேன்.

கரையோரக் கொட்டகைக்குப் போனேன். வேன் வெளியே நின்றது. தேசம் பெட்டிகளில் ஐஸ் பரப்பிக்கொண்டிருந்தாள். "இன்னாண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி கீது? வெப்சைட்டு படுத்துக்கிச்சா?" என்றாள். பக்கத்தில் நின்ற கன்னியம்மா வழக்கம்போலக் காதைத் தீட்டினாள். கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்து வந்தவை ஏராளம். இந்தத் தொழில் கற்றுக் கொடுத்தபடி அத்தனையையும் அழித்துவிட்டு, ஒரே பட்டன் வைத்த பக்கம் போல ஒரே கேள்வியாகக் கேட்டேன்: "அன்னிக்கு மீஞ்சூருக்கு எடுத்துட்டுப் போனியே தேசம், அந்தப் பௌர்ணமி நண்டை யார் வீட்டுல குழம்பு வெச்சீங்க?"