ஊலே வீட்டு வாசலடியில கிடந்த சப்பாத்து

முதலே சொல்லிப்போட்டன், பேய், ஆவி எண்டு கதைக்கிற சனத்தைக் கண்ணிலயும் காட்டக் கூடாது எனக்கு. ஒஸ்லோவில, ரொம்சோஸ் பக்கம் எங்கடை மாடிக் கட்டிடத்திலயே ஒரு மனிசி, லிப்ற்றுக்குள்ளை வெள்ளைச் சீலையோட ஒரு உருவத்தைக் கண்டனான் எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சவ. நான் முகத்துக்கு நேரையே கேட்டனான், ஏனப்பா, உங்கடை பேய்க்குப் படியேற ஏலாதோ எண்டு. அண்டையில இருந்து அவ என்னோட கதைக்கிறேல்லை, எனக்கும் நிம்மதி. அப்பிடியான பொம்பிளை நான். அதாலை நான் சொல்லப்போறதைக் கேட்டு நீங்கள் சிரிச்சால் கோவிக்கமாட்டன், நானெண்டாலும் சிரிச்சுத் தான் இருப்பன்.

இரண்டாயிரத்து நாலோ ஐஞ்சோ, அந்த வாக்கிலை. ஒஸ்லோவுக்கு வடக்கை, பஸ் கடைசியாத் திரும்பிற இடத்துக்கும் அங்காலை, காட்டுக்கரையில ஒரு பழைய பண்ணை இருந்தது. பெரித் எண்டொரு நோர்வேக்காரி அதை வாங்கி, மாட்டுக்கொட்டிலுக்குள்ளை பாய் விரிச்சு, கடதாசிக் கதவு பூட்டி, ஜப்பான் கிராமம் எண்டு பேரும் வைச்சவ. மனிசி ஜப்பானில இருந்தது ரெண்டே ரெண்டு வருசம், அதுக்கு இந்தப் பாடு, விடிஞ்சால் பொழுதுபட்டால் கிமோனோ தான். ஜேர்மன்காரன், டச்சுக்காரன் எல்லாம் அங்கை வந்து முழங்கால் நோக நிலத்தில இருந்து பச்சைத் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, ஆகா மனதுக்கு என்ன அமைதி எண்டு சொல்லுவினம். நிலத்தில இருக்கிறதையும் படிப்பிக்கிற உலகம்.

அங்கை என்ரை வேலை, வெளிநாட்டு விருந்தாளியளையும் அயல் சனத்தையும் சேர்த்து வைக்கிறது. சனிக்கிழமையில ஒவ்வொரு விருந்தாளியையும் அயலில ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி குடிக்க வைக்க வேணும். ஜப்பானில நாட்டுப்புறத்தில அப்பிடித் தானாம் செய்யிறவை. இஞ்சத்தைச் சனத்தை உங்களுக்குத் தெரியும் தானே, லிப்ற்றுக்குள்ளை பக்கத்து வீட்டுக்காரன் வந்தாலே சுவரைப் பாக்கிற ஆக்கள், உவையளின்ரை கதவைத் தட்டி, இந்தா ஒரு டச்சுக்காரன், வைச்சுக் கதையுங்கோ எண்டால் கதைப்பினமோ? அலைஞ்சு திரிஞ்சு மூண்டே மூண்டு வீடு பிடிச்சனான். அதில ஒண்டு ஊலே எண்ட கிழவன்ரை வீடு. மனிசி செத்துத் தனிய இருக்கிற ஆள், கதைக்க ஆர் வந்தாலும் சரி.

ஒக்ரோபர் மாதம் மொரித்தா எண்டு எழுபது தாண்டின ஜப்பான்காரர் ஒருத்தர் வந்து இறங்கினார். ஜப்பானைப் பாக்க ஜப்பான்காரனே ஒஸ்லோவுக்கு வந்திட்டான் எண்டு எனக்கு அடக்கேலாத சிரிப்பு. பேந்து தான் விசயம் தெரிஞ்சது. அந்தாளின்ரை தமக்கை அந்தக் காலத்தில நோர்வேக் கப்பல்காரன் ஒருத்தனை முடிச்சு இஞ்சை வந்தவவாம். தகப்பன் அவவைத் தலைமுழுகிப்போட்டு, வந்த கடிதங்களை உடைக்காமலே அடுப்பில போட்டவராம். அவ வெளிக்கிட்ட அண்டைக்குத் தகப்பனுக்குப் பயந்து இவர் அறையை விட்டு வெளியிலயே வரேல்லையாம். பேந்து கன வருசத்துக்குப் பிறகு, அவ செத்துப்போனா எண்டு மட்டும் ஒரு செய்தி. நோர்வேயில ஜப்பான் மொழியில இணையப்பக்கம் வைச்சிருந்தது பெரித்தின்ரை மாட்டுக்கொட்டில் தானாம், அதுக்கு எழுதிப்போட்டு வந்திருக்கிறார். அவருக்கு வேண்டியது ஒண்டே ஒண்டு. அக்கா இருந்த வீட்டுக்குள்ளை ஒருக்காப் போகவேணும், அவ கடைசிவரைக்கும் தங்களிலை கோவமா இருந்தவவோ எண்டு அறியவேணும்.

கையில இருந்தது, தகப்பன்ரை அடுப்புக்குத் தப்பின ஒரு பழைய கடித உறை, அதுக்குள்ளை ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மரவீடு, முன்னாலை ஒரு அப்பிள் மரம். நோர்வேயில பாதி வீடு அப்பிடித் தான் இருக்கு. கொம்யூனுக்கு, அதான் நகரசபைக்கு, அடிச்சுக் கேட்டால், உறையில இருக்கிற பேரில இப்ப தெருவே இல்லை, பழைய ஏடு பாக்க மூண்டு கிழமை எடுக்கும் எண்டு சொல்லிச்சினம். மொரித்தாவோ ஞாயிறு விடிய விமானம் ஏற வேணும்.

பெரித்திட்டைச் சொன்னன்.

"எப்பிடியாவது ஒழுங்கு செய், அந்தாள் எங்களை நம்பியெல்லோ வந்தவர்" எண்டா, கிமோனோவை இழுத்துச் சரி செய்துகொண்டு.

அவவுக்கென்ன, சொல்லிப்போட்டுப் போயிட்டா. எனக்குச் சனி பின்னேரம் எல்லிங்ஸ்ருட்டில அண்ணை வீட்டில பிறந்தநாள், ரோல்ஸ் பொரிக்கிற பொறுப்பும் என்னட்டை. செத்துப்போன மனிசி எந்த வீட்டில இருந்தால் தான் என்ன எண்டு யோசிச்சன். ஊலே வீடும் மரவீடு, முன்னாலை அப்பிள் மரம். ஊலேக்கு இங்கிலிஸ் ஒரு சொல் தெரியாது. மொரித்தா கப்பலில எஞ்சினியரா இருந்தவர், இங்கிலிஸ் கதைப்பார், நோர்வே மொழி தெரியாது. நடுவில நான். இதைவிட வசதி வேற என்ன வேணும்? அக்கா இருந்த வீடு கிடைச்சிட்டுது எண்டு மொரித்தாவுக்குச் சொல்லிப்போட்டன்.

சனி மத்தியானம் ரெண்டு மணி, நல்ல வெளிச்சம், அதையும் சொல்லிப்போட வேணும். வாசலடியில சப்பாத்தைக் கழட்டினம். மொரித்தா நாடாவை அவிட்டு அவசரமாக் காலை உருவ, ஒரு சப்பாத்து கவிண்டு விழுந்தது. என்ரை கண்ணாலை கண்டனான்.

ஊலே கோப்பியை ஊத்திக்கொண்டு, "இந்த வீட்டை நானும் தம்பியும் எங்கடை கையாலை கட்டினது" எண்டார்.

நான் மொரித்தாவுக்கு, "இவர் முந்திப் பக்கத்து வீடாம், பேந்து இந்த வீட்டை உங்கடை அத்தானிட்டை இருந்து வாங்கினவராம்" எண்டன்.

"அக்கா இஞ்சை சந்தோசமா இருந்தவவோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ."

நான் ஊலேயிட்டை, இந்த முறை மான் வேட்டை எப்பிடி எண்டு கேட்டன். கிழவன் முகமெல்லாம் சிரிப்பாக் கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிசம் கதைச்சுது.

"நல்ல சந்தோசமா இருந்தவவாம். அயலில எல்லாருக்கும் அவவிலை விருப்பமாம்."

"எங்களிலை கோவம்?"

"ஒரு சொட்டும் இல்லையாம்."

மொரித்தா கண்ணைத் துடைச்சார். நான் மணிக்கூட்டைப் பாத்தன். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், அந்த நேரம் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை, ரோல்ஸுக்குக் கிழங்கு அவிச்சு வைச்சனானோ எண்டு தான் யோசினை.

முக்கால் மணித்தியாலம் இருந்திருப்பம். மூண்டு பேரும் ஒரே மேசை, கோப்பியும் மேசையிலயே, ஒருத்தரும் எழும்பேல்லை, வீட்டில வேற ஆளும் இல்லை, நாய் பூனையும் இல்லை. வெளிக்கிடுவம் எண்டு வாசலடிக்கு வந்தால், நம்பினால் நம்புங்கோ, மொரித்தாவின்ரை சப்பாத்து ரெண்டும் நிமிந்து, ஒண்டோட ஒண்டு சேர்ந்து, கதவைப் பாத்தபடி நேரா இருக்கு. நாடா ரெண்டும் மடிச்சு உள்ளுக்கை விட்டிருக்கு. என்ரை சப்பாத்து நான் உதறின மாதிரியே கிடக்கு.

ஊலே என்னைப் பாத்தார். "நீயோ அடுக்கினனி?"

நானோ? எங்கடை ஆக்கள் மற்றாளின்ரை சப்பாத்தைக் கையாலை தொடுவினமோ? ஊலேக்கோ ஒரு முழங்காலுக்குள்ளை இரும்பு, குனிய மாட்டார், தன்ரை சப்பாத்தையே குதியைத் தள்ளுற முழநீளக் கரண்டி ஒண்டு வைச்சுத் தான் போடுறவர்.

மொரித்தா அப்பிடியே நிலத்தில முழங்காலிலை இருந்திட்டார். பேந்து மெல்லச் சொன்னார், விருந்தாளியின்ரை சப்பாத்தை வாசல் பக்கம் திருப்பி வைக்கிறது ஜப்பானில எல்லா வீட்டிலயும் இருக்கிற வழக்கம் தானாம். ஆனால் நாடாவை மடிச்சு உள்ளுக்கை விடுறது அக்கா மட்டும் தானாம், பள்ளிக்கூடம் போற காலத்தில இவருக்காகச் செய்யிறவவாம்.

"அவ போன பிறகு தான் நான் அறையால வெளியிலை வந்து பாத்தன். என்ரை சப்பாத்து இப்பிடித் தான் இருந்தது. அதுக்குப் பிறகு இண்டைக்குத் தான்."

அந்தாள் அந்தச் சப்பாத்தைப் போடவே இல்லை. ஊலேயிட்டை ஒரு கடைப்பை வாங்கி, குழந்தையைத் தூக்கிற மாதிரி ரெண்டையும் தூக்கி உள்ளுக்கை வைச்சு, காலுறையோட ஈர நிலத்தில நடந்து காருக்குப் போனார். காருக்குப் பக்கத்தில நிண்டு எனக்கு இடுப்பு வளைய வணங்கி, "அக்காவைக் கண்டுபிடிச்சுத் தந்திட்டீங்கள்" எண்டார். "அது என்ரை வேலை தானே" எண்டு சொல்லிப்போட்டுக் காரை எடுத்தன். பிறந்தநாளுக்குப் போனன், ஆனால் ரோல்ஸ் முழுக்கக் கருகிப்போச்சு.

மூண்டு கிழமையில கொம்யூன் கடிதம் வந்தது. அந்தத் தெருவை எப்பவோ இடிச்சுப் பெருந்தெரு போட்டிட்டினமாம், அதுவும் நகரத்தின்ரை மற்றப் பக்கம். ஊலேயிட்டையும் போய்க் கேட்டன், இந்த வீட்டுக்குள்ளை எப்பவாவது ஒரு ஜப்பான் மனிசி வந்தவவோ எண்டு. நீ கூட்டிக்கொண்டு வந்த ஆள் தான் முதல் ஜப்பான்காரர் எண்டு சிரிச்சார்.

ஒவ்வொரு புதுவருசத்துக்கும் மொரித்தாவிட்டை இருந்து வாழ்த்து அட்டை வரும், அக்காவின்ரை வீட்டைக் காட்டினதுக்கு நன்றி எண்டு. உண்மையை எழுதுவம் எண்டு ரெண்டு தரம் பேனை எடுத்தனான், எடுத்து வைச்சிட்டன். வெக்கம், அந்தாளிலை பாவம், ரெண்டும் தான். நாலாம் வருசம் அந்தாளின்ரை மகள் எழுதியிருந்தா. அப்பா போயிட்டார், ஒஸ்லோவில இருந்து பையோட கொண்டுவந்த சப்பாத்தை நாடா குலையாமல் தன்னோட எரிக்கச் சொன்னவர், எரிச்சிட்டம் எண்டு.

கடிதம் வந்ததுக்கு அடுத்த நாள் விடிய வேலைக்கு வெளிக்கிட்டு வந்தால், எங்கடை வாசலடியில வழக்கம் போலப் பிள்ளையளின்ரை சப்பாத்து, என்ரை மனிசன்ரை சப்பாத்து எல்லாம் குவிஞ்சு கிடக்கு. என்ரை கறுப்புச் சப்பாத்து மட்டும் தனிய, கதவைப் பாத்தபடி, நேரா. நாடா ரெண்டும் மடிச்சு உள்ளுக்கை.

இவரிட்டைக் கேட்டால், பிள்ளையள் அடுக்கியிருக்குங்கள் எண்டார். தங்கடை உடுப்பையே எடுத்து வைக்காத பிள்ளையள்! அந்த நாடாக் கதையை நான் வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஊலே வீடு பொய் வீடு எண்டதும் எனக்கு மட்டும் தான் தெரியும். அவ வந்து தம்பிக்குச் செய்த மாதிரி எனக்கும் செய்தவவோ, இல்லாட்டி உன்ரை பொய் எனக்குத் தெரியும் எண்டு காட்டினவவோ, இண்டைவரைக்கும் எனக்கு விளங்கேல்லை. அந்தச் சப்பாத்தை நான் பேந்து போடேல்லை. நாடாவைக் குலைக்கப் பயம், எறியவும் பயம், அலுமாரிக்குள்ளை அப்பிடியே இருக்கு, வேணுமெண்டால் வாங்கோ காட்டுறன், ஆனால் தொடக் கூடாது.