அண்ணன் சொன்ன டேர்

அண்ணன் கண்மூடிய பகலில் பக்கத்தில் இருந்தவர்கள்: அண்ணி, தலைமாட்டில். அண்ணன் மகள், காலடியில். அண்ணனோடு எடை மேடையில் வேலை பார்த்த துரை, சுவரோரம் நின்றுகொண்டு. அண்ணனின் ஒரே தங்கை நான், ஜன்னல் பக்கம். வேறு யாரும் இல்லை.

இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. நான் ஆறாவதுக்கு மேல் படிக்கவில்லை. மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்கிறேன். தெரிந்த அளவு எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பீர்க்கன்கரணை. ஏரியோரம் ஓலை வீடு. பெரிய மழை பெய்தால் ஏரி உள்ளே வரும். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. பெருங்களத்தூர் பக்கம் லாரி எடை மேடை ஒன்றில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மேடைக்கு அடியில் ஜல்லி சிக்கினால் எடை தப்பும். அதைக் குனிந்து எடுப்பதுதான் அவர் வேலை. பிறகு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடை போட்டார். மொத்தம் முப்பத்தொரு வருஷம். என் கல்யாணத்தை நடத்தியவர் அவர்தான். என் வீட்டுக்காரர் போனபிறகு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டவரும் அவர்தான்.

அந்தத் தொழிலில் மூன்று சொல். சரக்கோடு நிற்கும் வண்டியின் எடை கிராஸ். வெறும் வண்டியின் எடை டேர். கழித்தால் வருவது நெட், அதாவது சரக்கு. வீட்டிலும் அண்ணனுக்கு அதே பாஷை. "கல்யாணத்தன்னிக்கு உங்க அண்ணி நகை, பட்டு, மாலையோட நின்னது கிராஸ். வூட்டுக்கு வந்தது நெட்டு," என்பார். அண்ணி விடமாட்டார். "நீ மட்டும் இன்னாவாம்? அன்னிக்கும் வெறும் வண்டிதான்."

டேர் விஷயத்தில் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. டிரைவர்கள் அவசரத்தில், போன வாரம் எடுத்த டேரையே போடச் சொல்வார்கள். சேறு ஒட்டியிருக்கும், ஸ்டெப்னி கழற்றியிருக்கும், வெறும் வண்டி என்றைக்கும் ஒரே எடை இல்லை என்பார் அண்ணன். மறுபடி மேடையில் ஏற்றச் சொல்வார். கேளம்பாக்கத்தில் ஒரு முதலாளி, உன்னால் வரிசை நிற்கிறது, வேண்டாம் போ என்று அனுப்பிவிட்டார். அண்ணன் வந்து சாப்பிட்டார். மறுநாள் வேறு மேடை தேடிப் போனார்.

சர்க்கரை வந்தது. அது கிட்னியைப் பிடித்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தாம்பரத்தில் ஒரு சென்டர். கூடப் போனது நான். போனதும் எடை போடுவார்கள். ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்போதே உடம்பில் தேங்கிய தண்ணீரையும் எடுத்து, குறித்துவைத்த ஒரு எடைக்குக் கொண்டுவருவார்கள். அதற்குப் பெயர் டிரை வெயிட். எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்கு ஒரே தடவையில் புரிந்தது.

"இது டேர், பாப்பா. நான்தான் லாரி."

முதலில் குறித்தது ஐம்பத்தெட்டு கிலோ. போகப்போக அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தோள் எலும்பு தெரிந்தது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஐம்பத்தெட்டில்தான் நிறுத்தினார்கள். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே தூங்கினார்.

ஊசி குத்தும் தம்பியிடம் அண்ணன் சொன்னார். "டேர் பழசாயிடுச்சு தம்பி. மாத்துங்க."

"இன்னாண்ணா, டயர் பஞ்சரா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "சதை போயிடுச்சுப்பா. அந்த எடத்துல தண்ணி நிக்குது. அம்பத்தெட்டுன்றது அப்போ இருந்த ஆளு."

"கரெக்டா அம்பத்தெட்டு வந்துகினு கீது. அப்புறம் இன்னா பேஜாரு உனக்கு? டாக்டர் வந்தா சொல்லிக்கண்ணா."

டாக்டர் வருவது வாரத்தில் ஒரு நாள். அன்றைக்கு அண்ணனுக்குப் பேச மூச்சில்லை. டேர் தப்பு என்று சொல்லச் சொல்லி என்னை அனுப்பினார். நான் போய், எடை தப்பாக இருக்கிறதாம் சார் என்றேன். அப்படித்தான் சொன்னேன். டாக்டர் எடை மிஷினைச் சோதிக்கச் சொன்னார். மறுவாரம் ஒருவர் இரும்பு எடைக்கற்களோடு வந்தார். வைத்துப் பார்த்தார். தப்பே இல்லை. புது ஸ்டிக்கர் ஒட்டினார். தம்பி அதைத் தொட்டுக் காட்டினார். "பாத்துக்கண்ணா. மிஷின் சுத்தம்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். வாழ்நாளில் அன்றுதான் என்னைக் கோபித்தார். "மிஷினை யாரு கேட்டது? மிஷின் சரியாத்தான் கீது. வண்டியைப் பாக்கச் சொன்னேன்."

மறுபடி சொல்லப் போனேன். அதான் பார்த்தாச்சே என்றார்கள். மூன்று வாரம் அப்படியே போனது.

நாலாவது வாரம் மூச்சுத் திணறி வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு டாக்டரம்மா அண்ணன் காலில் கட்டைவிரலை அழுத்தினார். குழி விழுந்தது. எழும்பவில்லை. மெலிந்த கையைப் பிடித்துப் பார்த்தார். டிரை வெயிட் எப்போது குறித்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் அண்ணன் இத்தனை நாள் கேட்கச் சொன்னார். நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் எடுத்தார்கள். அண்ணன் மல்லாந்து படுத்தார். எடை எவ்வளவு என்று கேட்டார். நர்ஸ் சொன்னார். "இதாம்மா டேரு," என்றார் அண்ணன்.

ஆனால் இதயம் தளர்ந்திருந்தது. அதன்பிறகு பன்னிரண்டு நாள் இருந்தார்.

யார்மேலும் வருத்தமில்லை என்று எழுதச் சொன்னார் அண்ணி. எனக்கு இருக்கிறது. சென்டர் தம்பி மேல் இருக்கிறது. அதைவிட என்மேல் இருக்கிறது. சின்ன வயசிலிருந்து கேட்ட சொல். சொல்ல வேண்டிய இடத்தில் மாற்றிச் சொன்னேன்.

மாடிப்படியில் அண்ணனைத் தூக்கி இறக்கிய துரைக்கும், காலைத் தொட்டுப் பார்த்த டாக்டரம்மாவுக்கும், லீவு எடுத்ததற்கு முகம் சுளிக்காத என் வேலை வீட்டு அம்மாவுக்கும், பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இதைக் கையில் வாங்கிய உங்களுக்கும் எங்கள் கும்பிடு. உங்கள் வீட்டில் யாராவது டயாலிசிஸ் போய், உடம்பு இளைத்தால், டிரை வெயிட்டைப் புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள்.

சென்டரில் இருந்தது ஐம்பத்தெட்டு. டாக்டரம்மா குறித்தது ஐம்பத்து மூன்றரை. அண்ணன் சுமந்த தண்ணீர் நாலரை கிலோ.