தம்பியின் வீடு நடக்கிறது

சுலவேசித் தீவின் தென்கரையில், பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரரும் யோசிக்கிற ஒரு சின்னக் கிராமம். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் நேராக என் தம்பி வீட்டுக்கு வருகிறார்கள். மரக்கால்களில் நிற்கும் அந்த வீட்டை அப்படியே தூக்கி, கடற்கரையிலிருந்து அவனுடைய மாமியார் வீட்டு வளவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். கால்களோடு மூங்கில்களைக் கட்டியாயிற்று. உள்ளே கட்டிலைக்கூட இறக்கவில்லை.

அவன் கப்பல் வேலைக்கு வந்து இங்கேயே கலியாணம் முடித்தவன். அவனைத் திரும்பக் கூட்டிப்போகத்தான் நான் எங்கள் ஊரான மூதூரிலிருந்து வந்திருக்கிறேன். வாப்பாவின் காணியில் அவனுடைய பங்கு வெறுமையாகவே கிடக்கிறது. வந்த நாளிலிருந்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

தம்பி ஒரு தடித்த மனிதரை "டாயெங்" என்று கூப்பிட்டு அவர் தோளில் கை போடுகிறான். அவர் அவன் மனைவியின் மூத்த சகோதரர்.

"டாயெங் எண்டா என்ன?"

"நானா எண்ட மாதிரித்தான், நானா."

அண்ணனான என்னை அழைக்கும் சொல்லை அவருக்கும் கொடுத்திருக்கிறான். மூதூரில் என் வேலி சரிந்தபோது எட்டிப் பார்க்கவும் ஆளில்லை.

அந்த மனிதர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள்.

"என்னவாம்?"

"நீங்க தோளை மூதூரில வச்சிட்டா வந்திருக்கீங்க எண்டு கேக்கிறார். வாங்க, என்னோட நில்லுங்க."

மறுக்கக் கூச்சமாக இருக்கிறது. தம்பிக்கும் அவருக்கும் நடுவே புகுந்து மூங்கிலைத் தோளில் வாங்குகிறேன். யாரோ கூவுகிறார். வீடு எழும்புகிறது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறோம்.