பத்தொன்பது இன்ச் சக்கரம்

உங்கள் காருக்கு எந்தச் சக்கரம் பொருந்தும் என்று யார் முடிவு செய்ய வேண்டும்? மெக்கானிக்கா, ஜோசியரா?

சிரிக்க வேண்டாம். சிதம்பரம் புறவழிச்சாலையில் டயர் கடை வைத்திருந்த மேரி ஷாலினி இந்தக் கேள்விக்குத் தன் கடையையே பணயம் வைத்தார். கடலூர் முதுநகர்க்காரர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சக்கரம் கழற்றி மாட்டியவர். அப்போதும் சிலர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "ஆம்பள யாரும் இல்லியா?" என்றுதான் கேட்பார்கள்.

போன வைகாசியில் ஒரு காலை, கடைக்கு இடம் கொடுத்த தேவநாதனின் தங்கை மகன் சிலம்பரசன் புது ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார். பக்கத்தில் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி கயல்விழி. ஸ்கேன் எடுக்கக் கடலூர் போகிற வழி. சென்னையில் வாங்கிய நான்கு சக்கரங்கள் தனி வண்டியில் வந்திருந்தன.

"இருக்கிற பதினேழு வேணாங்க்கா. ஒண்ணும் ஏழும் எட்டு, சனி. பத்தொம்பதுக்குக் கூட்டினா பத்து, அதையும் கூட்டினா ஒண்ணு. என் நம்பர்."

"ரிம் பெருசானா டயர் மெலிசாவணும் தம்பி. மொத்த உசரம் மாறக்கூடாது. இதுல ரெண்டுமே பெருசு. பதினெட்டு போடுங்க, சரியா உக்காரும்."

"பதினெட்டு செவ்வாய்க்கா."

"அப்ப ஜோசியரயே ஜாக்கி போடச் சொல்லுங்க."

ஆனாலும் முன்சக்கரங்களை மாட்டிக் காட்டினார். காலி வண்டியில் நன்றாகவே சுழன்றன. சிலம்பரசன் ஜெயித்தவர் போல் பார்த்தார். மேரி ஷாலினி டீக்கடையில் நின்ற நான்கு பேரைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கச் சொன்னார். கரகரவென்று சத்தம். டார்ச் அடித்தார். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸை டயர் உரசிக்கொண்டிருந்தது.

"நாலு நாள் அறுத்தா பிச்சிக்கும். பிரேக்கு இருக்காது."

"எலுமிச்சம்பழம் வச்சு ஏத்திட்டா ஒண்ணும் ஆவாது. மாட்டுங்க."

"மாட்ட மாட்டேன்."

சிலம்பரசன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தேவநாதனின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அவன் கேக்கறத மாட்டி வுடும்மா. இல்லன்னா மாசக் கடைசில சாவிய குடுத்துடு."

மேரி ஷாலினி குனிந்து, மாட்டிய நட்டுகளையே கழற்றத் தொடங்கினார்.

வெளியே உட்கார்ந்திருந்த கயல்விழி எழுந்து வந்து ஹோஸில் இருந்த கீறலைக் கையால் தடவிப் பார்த்தார். "நான் பஸ்ல போறேன். ஒங்க நம்பரு ஒங்களோட வரட்டும்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு நடந்தார். சிலம்பரசன் மேரி ஷாலினியைப் பார்க்காமலே, "ஹோஸ மாத்திட்டுப் பழசையே போடுங்க," என்றார்.

மாசக் கடைசியில் தேவநாதன் சாவியை வாங்கிக்கொண்டார். மருமகனை அவமானப்படுத்தினாளாம். ஒரு குடும்பத்தின் உயிரைக் காத்தவருக்கு இந்த ஊர் கொடுத்த கூலி இது.

சிதம்பரத்திலோ கடலூரிலோ ரோட்டோரம் இடம் வைத்திருப்பவர்களே, மேரி ஷாலினிக்கு ஒரு கடை வாடகைக்குக் கொடுங்கள்.